கடைசி பெஞ்சிலிருந்து கை தூக்கியவள்

புராஜெக்ட் ரிவ்யூ நடக்கும் நாட்களில் எங்கள் துறையில் நடுவர்களுக்கு முன்வரிசையில் மெத்தை வைத்த நாற்காலி போட்டிருப்பார்கள். பக்கத்தில் தண்ணீர் பாட்டில், ஒரு தட்டில் பிஸ்கட். நான் இரண்டு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போய்விடுவேன். என்னோடு வேலை பார்க்கிறவர்களுக்கு இது பழகிவிட்டது. மாணவர்களுக்குத்தான் பழக நாளாகும். திரையில் ஸ்லைடைப் போட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிற பிள்ளை, பத்து வரிசைக்குப் பின்னால் நான் வலது கையை மெல்லத் தூக்குவதைப் பார்த்ததும் பாதி வாக்கியத்தில் நின்றுவிடும்.

"மேடம், டவுட்டா?"

டவுட் எல்லாம் இல்லை. நீ பேசுவது கேட்கவில்லை, அல்லது நீ காட்டுவது தெரியவில்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். ஒரு மாதத்தில் புரிந்துகொள்வார்கள். எனக்கு 'கைதூக்கி மேடம்' என்று பட்டப்பெயர் வைத்திருப்பதும் எனக்குத் தெரியும். இதைவிட மோசமான பெயர்கள் எங்கள் காலத்தில் நாங்கள் வைத்திருக்கிறோம், அதனால் கண்டுகொள்வதில்லை.

அந்தக் கை தூக்கல் என் சொந்தச் சரக்கு அல்ல. என்னோடு படித்த ஒருத்தியிடமிருந்து எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டதை அவளிடம் சொல்வதற்கு எனக்கு ஒன்பது வருடம் பிடித்தது.

அவளுடைய பெயரை இங்கே எழுதவில்லை. எங்கள் புராஜெக்டின் முதல் ஸ்லைடில் எங்கள் பெயர், பதிவு எண், துறை, கைடு பெயர், அவருடைய பட்டங்கள் என்று நான் நிரப்பி வைத்திருந்ததைப் பார்த்து, "பேர வச்சு வந்திருக்கவரு என்ன செய்யப் போறாரு? மொதல்ல காரியத்தச் சொல்லுட்டி" என்றவள் அவள். காரியத்துக்கே வருகிறேன்.

பொறியியல் கடைசி வருடம். நான் தக்கலைக்காரி, அப்பாவுக்கு அங்கே ஹார்டுவேர் கடை. வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருத்தி, முன்வரிசை, கோடு போட்டு எழுதிய நோட்டு. அவள் கடப்புறத்துக்காரி. அப்பாவும் அண்ணனும் வள்ளத்தில் மீன் பிடிக்கப் போகிறவர்கள். அம்மா நெத்தோலி காயவைத்துக் கருவாடாக விற்பவர். மூன்று வருடம் ஒரே வகுப்பில் இருந்தும் நான் அவளோடு பேசியது மொத்தமாக ஒரு பக்கம் வராது. அவள் கடைசி பெஞ்சில் கதவோரம் இருப்பாள். கடைசி மணி அடித்த ஐந்து நிமிடத்தில் அவளுடைய ஊருக்கு ஒரு பஸ், அதை விட்டால் ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டும். குழு பிரித்தபோது நானும் மார்த்தாண்டம் பக்கத்து ஜெபினும் மிஞ்சியிருந்தோம். அவளும் மிஞ்சியிருந்தாள். அப்படிச் சேர்ந்ததுதான் எங்கள் குழு. விருப்பப்பட்டுச் சேர்ந்ததாகச் சொன்னால் பொய்.

ஆனால் புராஜெக்ட் யோசனை அவளுடையது. மழை வந்தால் அவள் அம்மா மணலில் விரித்த நெத்தோலி மொத்தமும் போய்விடும். வெயிலில் சூடாகும் ஒரு பெட்டி, உள்ளே காற்றை ஓட்ட ஒரு சின்ன ஃபேன், ஈரம் கூடினால் ஃபேனைத் தானாகவே வேகமாக்கும் ஒரு சென்சார். இதுதான் எங்கள் புராஜெக்ட். ஜெபின் கைவேலையில் கெட்டிக்காரன், பெட்டியை அவன் செய்தான். அவனைப் பேச மட்டும் சொல்லக்கூடாது, வியர்த்துக் கொட்டிவிடும். அறிக்கை எழுதுவதும் ஸ்லைடு செய்வதும் என் பங்கு. நான் அந்தப் பெட்டிக்கு ஆங்கிலத்தில் பதினாறு சொல்லில் ஒரு தலைப்பு வைத்தேன். அதைப் படித்துவிட்டு, "இது எனக்க அம்மைக்கு உள்ள பெட்டிதானா?" என்று அவள் கேட்டாள்.

பையின் பக்கவாட்டு அறையில் ஒரு மிட்டாய் டப்பா வைத்திருப்பாள். உள்ளே சாக்பீஸ் துண்டுகள். பேசும்போது ஏதாவது விளக்க வேண்டுமென்றால் கரும்பலகையில், இல்லாவிட்டால் தரையில், அதுவும் இல்லாவிட்டால் ஆய்வகத்து மேஜையில் எழுதிக் காட்டுவாள். லாரியின் பின்னால் எழுதுகிற மாதிரிக் குட்டையான, தடித்த எழுத்து. எழுதியதை உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் ஒரே இழுப்பில் அழிப்பாள். அவளுடைய வலது கை எப்போதும் வெள்ளையாகத்தான் இருக்கும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எதைச் சொன்னாலும் கேட்கிறவருக்கு முதலில் எது வேண்டுமோ அதைத்தான் முதலில் சொல்வாள். ஒருநாள் ஜெபினுக்கு சால்டரிங் கம்பி பட்டுக் கையில் காயம். என்னைப் போனில் கூப்பிட்டாள். "பேடிக்காத. நல்லாத்தான் இருக்கான். கையில கொஞ்சம் சுட்டுப்போச்சு, மருந்து போட்டாச்சு" என்றாள். நானாக இருந்தால் அவன் காலையில் எத்தனை மணிக்கு ஆய்வகத்துக்கு வந்தான் என்பதிலிருந்து ஆரம்பித்திருப்பேன்.

இப்போது என் ஸ்லைடு கதை. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

எங்கள் துறையில் ஒரு பென்டிரைவ் இருந்தது. யார் வாங்கியது என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு வருடமும் சீனியர்கள் ஜூனியர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதற்குள் ஒரு மாதிரி ஸ்லைடு கோப்பு. நீலப் பின்னணி, மூலைகளில் சுழலும் பற்சக்கரங்கள், இடமிருந்தும் வலமிருந்தும் பறந்து வரும் எழுத்துகள், கடைசியில் ரோஜாப்பூக்களுக்கு நடுவில் 'தேங்க் யூ'. அதற்குள் நம்முடைய விஷயத்தை நிரப்பினால் போதும். நான் நிரப்பினேன். நாற்பத்தாறு ஸ்லைடு. மூன்று இரவு தூங்கவில்லை.

இரண்டாவது ரிவ்யூவில் நான் திரையைப் பார்த்து நின்று, முதுகை நடுவர்களுக்குக் காட்டி, ஒரு வரி விடாமல் வாசித்தேன். பதினெட்டாவது ஸ்லைடு வரும்போது எங்கள் கைடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நன்றி ஸ்லைடு வந்ததும் துறைத் தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, நீ நன்றி சொல்லியிருக்கது யாருக்கு?"

பார்த்தேன். எங்களுக்கு ஊக்கம் தந்து வழிநடத்தியதாக நான் உருகி உருகி நன்றி சொல்லியிருந்தது, ஐந்து வருடம் முன்பே ஓய்வு பெற்றுப்போன பழைய துறைத் தலைவருக்கு. பென்டிரைவில் இருந்ததை நான் மாற்றவே இல்லை. எனக்கு முன்னால் நான்கு வருடத்துப் பிள்ளைகளும் மாற்றவில்லை என்பதும், அவர்கள் யாருமே இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அந்த ஸ்லைடு வருவதற்குள் எல்லாரும் தூங்கியிருப்பார்கள் போல.

"வேலை என்னமோ செஞ்சிருக்கீங்க. என்ன செஞ்சீங்கன்னு எனக்கு விளங்கல" என்றார் தலைவர். "பன்னெண்டு நாள்ல மார்க் போட எக்ஸ்டர்னல் வாறாரு. அவர்கிட்டயும் இப்படியே வாசிச்சா அடுத்த வருசம்தான். நான் ஒண்ணும் செய்ய முடியாது."

அடுத்த வருடம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஜூலையில் பெங்களூரில் சேரச் சொல்லி எனக்கு வேலைக் கடிதம் வந்திருந்தது. அப்பா அதைக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டியிருந்தார். புராஜெக்ட் நின்றால் பட்டம் நின்றது, பட்டம் நின்றால் அந்த வேலை போயிற்று. நான் கழிவறையில் போய் அழுதேன். வெளியே வந்தபோது அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். அன்று அவளுடைய பஸ் போய்விட்டிருந்தது.

"கடைசி பெஞ்சிலேர்ந்து பாத்தேன்" என்றாள். "ஒண்ணும் தெரியல. ஒண்ணும் கேக்கவும் இல்ல. நாளைக்கு நான் தாள் கொண்டாறேன்."

அவளிடம் லேப்டாப் கிடையாது. மறுநாள் கொண்டுவந்தது பழைய மாதக் காலண்டர் தாள்கள். படங்களின் பின்பக்கம் வெள்ளை. ஒரு தாள் ஒரு ஸ்லைடு. மார்க்கர் பேனாவால் அதில் எழுதிக் கரும்பலகையில் ஒட்ட வேண்டும், பிறகு மூன்று பேரும் கடைசி பெஞ்சுக்குப் போய் நின்று பார்க்க வேண்டும். அங்கிருந்து படிக்க முடியாதது போக வேண்டியதுதான். இதுதான் அவள் வைத்த சட்டம்.

"வாயால சொல்லுதத எதுக்கு எழுதுத? எழுதிப் போட்டத எதுக்கு வாசிக்க?" என்பாள். "அவருக்கு வாசிக்கத் தெரியாதாட்டி? எவ்வளவு படிச்சவரு."

நாற்பத்தாறு, மூன்று நாளில் இருபதானது. சென்சாரின் வரலாறு போயிற்று. உலக மீன்வளம் பற்றிய நான்கு ஸ்லைடு போயிற்று. பற்சக்கரங்கள் போனபோது எனக்கே கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. ரோஜாப்பூத் தாளை அவள் ஒட்டவே விடவில்லை. "நன்றிய எழுதிப்போட்டுட்டு எறங்கிப் போறதா? மொகத்தப் பாத்துச் சொல்லு" என்று கசக்கிப் போட்டாள். அதுவரை பொறுத்துக்கொண்டேன்.

சண்டை வந்தது என் பழைய கோப்பின் முப்பத்தோராவது ஸ்லைடில். அது ஓர் அட்டவணை. பதினான்கு நாள் நாங்கள் பெட்டியில் மீன் வைத்து எடுத்த அளவுகள். பதினான்கு வரிசை, எட்டுக் கட்டம், எறும்பு ஊர்வது மாதிரி எழுத்து. அதில் மூன்றாம் நாளுக்கு நேராக, கடைசிக் கட்டத்தில், நாலு கிலோ நெத்தோலி அழுகிப்போனது என்பது ஒரு சின்ன எண்ணாக இருந்தது. நான் வேண்டுமென்றே எழுத்தைச் சிறிதாக்கவில்லை. ஆனால் சிறிதாக இருந்தது எனக்கு வசதியாக இருந்தது என்பது உண்மை.

அவள் ஒரு காலண்டர் தாளை எடுத்து, முழுத் தாளுக்கும், 'மூன்றாம் நாள். 4 கிலோ கெட்டது' என்று எழுதினாள். எழுதி, நான்காவது ஸ்லைடாக ஒட்டினாள்.

"உனக்குப் பைத்தியமா?" என்றேன். "நம்ம பெட்டி வேலை செய்யலன்னு நாமளே போர்டு எழுதி வைக்கதா? எக்ஸ்டர்னல் அதப் பாத்துட்டு பாஸ் போடுவாரா?"

"கெட்டுப்போச்சா இல்லியா?"

"கெட்டுச்சு. அதான் அட்டவணையில போட்டிருக்கே."

"அட்டவணையில போய் யாரு பாப்பாவ?"

நான் அப்போது சொன்னதை இப்போதும் எழுதக் கை கூசுகிறது. "உனக்கு இங்கிலீஷ் வராது. அதுக்காக எனக்க ஸ்லைடையும் உனக்க அளவுக்கு வெட்டுதியா?" என்றேன்.

அவள் சாக்பீஸை டப்பாவில் போட்டு மூடினாள். "செரி. நீயே வச்சுக்க" என்றாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஜெபின் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "கொஞ்சம் கூடிப்போச்சு" என்றான். அவன் அந்த வருடம் முழுவதும் என்னைப் பற்றிச் சொன்ன ஒரே குறை அது.

இரண்டு நாள் அவள் வரவில்லை. மூன்றாம் நாள் சனிக்கிழமை நான் பஸ் ஏறி அவள் ஊருக்குப் போனேன். பெட்டி அங்கே இருந்தது, அதைப் பார்க்கப் போவதாக வீட்டில் சொன்னேன். எனக்கு நானும் அதையே சொல்லிக்கொண்டேன்.

அவள் அம்மா வாசலில் வலைத் துண்டை விரித்து மீனைத் தட்டிப்போட்டுக்கொண்டிருந்தார். "வா மக்கா. அவ கடக்கரையில நிக்கா, பலகை எழுதப் போயிருக்கா" என்றார்.

எந்தப் பலகை என்று எனக்குத் தெரியாது. போய்ப் பார்த்தேன். கரையை ஒட்டி, சிலுவை வைத்த சின்னக் கோயில், குருசடி என்பார்கள். அதன் சுவரில் ஒரு கரும்பலகை. அவள் அதில் எழுதிக்கொண்டிருந்தாள். மாலை வெயில் நேராகப் பலகையில் விழுந்தது.

நாளைக்குப் போகாண்டாம்.
காற்று பலம்.
திங்கள் பார்ப்போம்.

எழுதி முடித்துத் திரும்பினாள், என்னைப் பார்த்தாள், நேரே கீழே இறங்கி வள்ளங்கள் கிடக்கும் இடத்துக்குப் போனாள். அலை காலைத் தொடும் இடத்தில் நின்று பலகையைப் பார்த்தாள். பிறகு வந்து, 'போகாண்டாம்' என்பதை அழித்து இன்னும் பெரிதாக எழுதினாள்.

பிளஸ் டூ படிக்கும்போதிருந்தே இது அவள் வேலை. அரசாங்கத்திலிருந்து கடல் நிலவரம் அவள் போனுக்கு வரும். கையெழுத்து நன்றாக இருந்ததால் ஊரில் அவளிடம் பலகையைக் கொடுத்திருந்தார்கள். அவளாகத்தான் அன்றைக்குச் சொன்னாள். நான் கேட்கவில்லை.

"முன்னால எல்லாம் வந்தத அப்படியே எழுதுவேன். மேலேர்ந்து வந்தது, அதுல ஒண்ண விட்டா தப்பாயிரும்லாண்ணு ஒரு பயம். ஒருநாள் பன்னெண்டு வரி. எந்த தெசைல காத்து, எத்தன கிலோமீட்டர், எந்தக் கடல்லேர்ந்து எந்தக் கடலுக்கு, எல்லாம் எழுதினேன். கையெழுத்து கொள்ளாம், நல்லாருக்குன்னு எல்லாரும் சொன்னாவ. போகாண்டாம்ங்கது ஒம்பதாவது வரில கெடந்துச்சு."

கையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினாள்.

"அண்ணன் வள்ளத்தத் தள்ளிக்கிட்டேதான் திரும்பிப் பாத்தான். பலக நெறய எழுத்து. தெனமும் உள்ளதுதானேன்னு போயிட்டான். ரெண்டு நாளு ஆளில்ல. மூணாம் நாளு போன் வந்துச்சு, கேரளால ஒரு தொறையில ஏறியிருக்கான்னு. உசிரு கெடச்சுது, ரெண்டு வெரலு போச்சு. ஒருத்தரும் என்ன ஏசல மக்கா. அண்ணனும் ஏசல. அதாக்கும் தாங்க முடியல."

பலகையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"உனக்க முப்பத்தோராவது ஸ்லைடு எனக்க ஒம்பதாவது வரிதாண்டி" என்றாள். "நாலு கிலோ போனது யாருக்குத் தெரியணும்? நாளைக்கு இந்தப் பெட்டிய நம்பி மீனு வைக்கப் போறவளுக்குத் தெரியணும். எனக்க அம்மைக்குத் தெரியணும். அது சின்னதா எழுதுத காரியமா?"

மன்னிப்புக் கேட்டேன். வார்த்தைகளை வழியெல்லாம் தேடிவைத்திருந்தேன், அப்போது ஒன்றும் வரவில்லை. "நான் பேசினது தப்பு" என்று மட்டும் சொன்னேன். "அது கேட்டுச்சு" என்றாள். சிரித்தாள். அதோடு முடிந்தது. ஆங்கிலம் பற்றி நான் சொன்னதை அவள் பிறகு எந்தச் சண்டையிலும் எடுக்கவில்லை. நான்தான் இன்றுவரை விடவில்லை.

அன்று மாலையே ஒத்திகை ஆரம்பித்தது. மேடை, கருவாடு காயும் மணல். சபை, அவள் அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்கள் நான்கு பேரும். காலண்டர் தாள்களை வள்ளத்தின் பக்கவாட்டில் ஒட்டினோம். அவள் தண்ணீர் ஓரத்துக்குப் போய் நின்றுகொண்டாள். கடல் இரைச்சலுக்கு மேல் என் குரல் அங்கே போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் வலது கையைத் தூக்குவாள். முதல் பத்து நிமிடம் அந்தக் கை இறங்கவே இல்லை. எனக்குத் தொண்டை கட்டியது, எரிச்சலாக வந்தது, அழுகையாகவும் வந்தது. தாளைப் பார்த்துப் பேசினால் குரல் வள்ளத்திலேயே முட்டி விழுந்துவிடும் என்று அப்போதுதான் கண்டுகொண்டேன். நிமிர்ந்து, கடைசியில் நிற்கிறவளைப் பார்த்துப் பேசினால்தான் அந்தக் கை இறங்கியது.

பாதியில் அவள் அம்மா குறுக்கிட்டார். "அதெல்லாம் இருக்கட்டும் மக்கா. அன்னிக்கு ஏன் கெட்டுப்போச்சு? அதச் சொல்லு."

அதைச் சொல்ல நான் பதினோராவது தாளில் வைத்திருந்தேன். அவள் தண்ணீரோரத்திலிருந்து ஓடிவந்து, அந்தத் தாளைப் பிய்த்து ஐந்தாவதாக ஒட்டினாள். கெட்டது நான்கு, ஏன் கெட்டது ஐந்து, என்ன செய்தோம் ஆறு. கேட்கிறவர் அடுத்து என்ன கேட்பாரோ அதுதான் அடுத்த ஸ்லைடு. இன்று என் மாணவர்களுக்கு நான் ஒரு பருவம் முழுக்கச் சொல்லிக்கொடுப்பது இந்த ஒரு வரியைத்தான், சம்பளம் வாங்கிக்கொண்டு.

கடைசியில் ஒன்பது ஸ்லைடு. முதலாவதில் மழையில் நனைந்த நெத்தோலிக் குவியலின் படம், கீழே நாலே ஆங்கிலச் சொல். ஆறு நிறக் கோடு ஓடிய வரைபடத்தில் ஒரே கோடு, மூன்றாம் நாளில் ஒரு சிவப்புப் புள்ளி. அட்டவணை அறிக்கையின் பின்னால் போனது. கேட்டால் காட்டலாம்.

எக்ஸ்டர்னல் வெளி மாவட்டத்துக்காரர். மதியச் சாப்பாட்டுக்குப் பின் எங்கள் முறை வந்தது. அதற்குள் அவர் ஏழு குழுவைக் கேட்டுவிட்டிருந்தார், ஏழிலும் பற்சக்கரங்கள் சுழன்றிருந்தன. மேஜைக்குக் கீழே போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி பெஞ்சைப் பார்த்தேன். ஜெபின் உட்கார்ந்திருந்தான், அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கைகள் இரண்டும் கீழேதான் இருந்தன. ஆரம்பித்தேன்.

நான்காவது ஸ்லைடு வந்தது. அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"என்ன, மீன் கெட்டுப் போச்சா?"

"ஆமா சார்."

"அதை எதுக்கு இவ்வளவு பெருசா போட்டிருக்கீங்க? எல்லாரும் ஜெயிச்சதைத்தானே காட்டுவாங்க?"

துறைத் தலைவர் என்னையே பார்த்தார். ஒரு கணம் பெங்களூர்க் கடிதமும் அப்பாவின் கடையும் கண்ணில் வந்துபோயின. பிறகு பேசினேன். "இந்தப் பெட்டியில நாளைக்கு மீன் வைக்கப் போறவங்களுக்கு முதல்ல தெரிய வேண்டியது அதுதான் சார்."

"சரி. ஏன் கெட்டுச்சு?"

கையிலிருந்த பொத்தானை அழுத்தினேன். அவர் கேட்டதுதான் அடுத்த ஸ்லைடு. உப்புக் காற்றில் சென்சாரின் மேல் உப்புப் படிந்துவிட்டது, ஈரம் ஏறியது அதற்குத் தெரியவில்லை, ஃபேன் மெதுவாகவே ஓடியது. "இப்ப என்ன செஞ்சிருக்கீங்க?" என்றார். அதுவும் அடுத்த ஸ்லைடு. துளை போட்ட மூடிக்குள் சென்சார், மேலே பருத்தித் துணி, வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும். அவர் முன்னால் சாய்ந்தார். இருபது நிமிடம் எங்களைக் கேள்வி கேட்டார். ஜெபினை மேலே கூப்பிட்டார், அவன்கூட மூன்று வாக்கியம் பேசினான். "காலையிலேர்ந்து எனக்குப் புரிஞ்ச முதல் புராஜெக்ட் இதுதான்" என்று தலைவரிடம் சொன்னார். நான் பாஸ். நாங்கள் பாஸ்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

அவளும் மேலே வந்து நின்றாள். அவளுடைய பங்குக்கு, பெட்டியைத் தினமும் எப்படிப் பயன்படுத்துவது என்று ஸ்லைடு இல்லாமல் இரண்டு நிமிடம் சொன்னாள். எக்ஸ்டர்னல் மார்க் தாளை எடுத்துக்கொண்டு கேட்டார். "இவங்க டிசைன், பிரசன்டேஷன். இவர் பெட்டி செஞ்சார். நீங்க இதுல என்ன செஞ்சீங்க?"

அவள் யோசித்தாள்.

"நான் அழிச்சேன் சார்" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே ஏதோ எழுதினார். அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நான் அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். நாற்பத்தாறை ஒன்பதாக்கியது இவள் சார், நீங்கள் போனைக் கீழே வைத்த ஸ்லைடு இவளுடையது சார் என்று இரண்டு வரி போதும். சொல்லவில்லை. பயத்தால் அல்ல. அந்தப் பாராட்டில் நான் மிதந்துகொண்டிருந்தேன், எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை. நடுவர்களுக்கும் கைடுக்கும் முகத்தைப் பார்த்து நன்றி சொன்னேன், அவள் சொல்லித்தந்தபடியே. அவளுக்குச் சொல்லவில்லை. வெளியே வந்தபோது அவள் பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.

மார்க் வந்தது. வகுப்பிலேயே அதிகம் எனக்கு. அவளுக்கு, தேறுவதற்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் கூட. போனில் பேசினோம். "கொள்ளாமே!" என்று எனக்காகக் கத்தினாள். தன் மார்க்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நான் பெங்களூர் போனேன், மேலே படித்தேன், திரும்பி வந்து வாத்தியாரானேன். அவளுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரில் கல்யாணம் ஆயிற்று. பத்திரிகை வந்தது, நான் போகவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று எழுதினேன். லீவு கிடைத்திருந்தாலும் போயிருப்பேனா, தெரியாது.

போன மாதம் என் வகுப்பில் ஒரு பெண் ஸ்லைடு போட்டாள். இப்போதெல்லாம் பென்டிரைவ் கிடையாது, கேட்டால் ஒரு நிமிடத்தில் ஸ்லைடு செய்துகொடுக்கும் செயலிகள் வந்துவிட்டன. பளபளப்பாக இருந்தது. எழுத்து பெரிதாகவும் இருந்தது. அவளுடைய கருவி எங்கே தோற்றது என்பது மட்டும் எங்கேயும் இல்லை. நான் கடைசி பெஞ்சிலிருந்து கையைத் தூக்கினேன். "கேக்குதே மேடம்?" என்றாள் குழப்பமாக. தூக்கிய கையை அப்படியே வைத்துக்கொண்டு யோசித்தேன். நான் மட்டும் எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன்?

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். அவளுடைய புது ஊரிலும் குருசடிச் சுவரில் ஒரு கரும்பலகை இருந்தது. குட்டையான, தடித்த எழுத்து. விசாரிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. வீட்டின் பின்னால் மணலில் நான்கு பெட்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் சென்சார் மூடிமேல் பருத்தித் துணி. மூன்று பெண்கள் தட்டுகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் கொஞ்சம் பருத்திருந்தாள். மீன் ஈரம் பட்ட கையோடு என்னைப் பார்த்து, "ஏட்டி! வந்தியா?" என்றாள், நேற்றுத்தான் பார்த்த மாதிரி.

பஸ்ஸில் வழி முழுவதும் ஒத்திகை பார்த்திருந்தேன். மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னேன். "அன்னிக்கு அந்த சார் கேட்டப்ப நான் சொல்லியிருக்கணும். எனக்க மார்க்குல பாதி உனக்கது. இப்ப நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்கது எல்லாம் உனக்கதுதான். நன்றிட்டி."

நாலடி தூரத்தில்தான் நின்றாள். கடல்கூட அன்று அமைதியாகத்தான் இருந்தது. என் முகத்தையே பார்த்தாள். பிறகு மெல்ல வலது கையைத் தூக்கினாள்.

இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். கை இறங்கவில்லை. தட்டு அடுக்கிய பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, கண் நிறைந்துவிட்டது. அன்றைக்கு வள்ளத்துக்குப் பக்கத்தில் நின்ற மாதிரி நிமிர்ந்து நின்று, அடிவயிற்றிலிருந்து, ஊருக்கே கேட்கும்படி கத்தினேன்.

அவள் கையைக் கீழே போட்டாள்.

"இப்பக் கேக்கு மக்கா" என்றாள்.